சகனில் ஓர் இடம்

"டி.சி.யக் கையில குடுங்க டீச்சர். எம் பிள்ள இந்த ஸ்கூல்ல படிச்சுக் கிழிச்சது போதும்!"

சலாவுதீன் போட்ட சத்தத்தில் வராந்தாவே அடங்கிவிட்டது. சங்கரன்கோவில் தறிக்காரர்களிடம் மல்லுக்கட்டி விலை பேசியே சேலைக்கடை வைத்த மனுஷன். குரலை இறக்கத் தெரியாது.

"முபஷ்ஷிரா சாப்பிட்டுட்டு இருக்கா பாய், வரட்டும்" என்றார் தலைமையாசிரியை சுகிர்தா. "திருநெல்வேலி டாக்டர்ட்ட காட்டச் சொன்னேனே?"

"காட்டினா ஊருக்கே தெரிஞ்சு போவும். நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்? இங்கயே மத்த பிள்ளைய இவளப் பாத்துச் சிரிக்குதுவளாம்!"

பத்தாவது வரை வாயாடித் திரிந்த மகள். பிளஸ் ஒன் வந்ததும் சிநேகிதிகள் ஒவ்வொருத்தியாகக் கழன்றார்கள். மார்க் சரிந்தது. இப்போது சுவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். யாருக்கோ பதில் சொல்கிறாள்.

சலாவுதீனே விறுவிறுவென்று பிள்ளைகள் சாப்பிடும் வேப்பமரத்தடிக்குப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

கல்யாண வீட்டில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய சகன் தட்டு. அதைச் சுற்றி முபஷ்ஷிரா, வகுப்புத் தோழிகள் ஹாலிதா, பாலம்மாள். மூன்றே பேர். நாலாவது பக்கம் காலி. ஆனால் அந்தப் பக்கமும் சோறு குவித்திருந்தது. ஒருத்தி கையும் அங்கே போகவில்லை.

ஹாலிதா காலி இடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஊறுகா வைக்கட்டா?"

மூன்று பேரும் காத்திருந்தார்கள். மரத்தில் இலைகூட அசையவில்லை.

"அவளுக்கு வேண்டாமாம்" என்றாள் முபஷ்ஷிரா.

 சலாவுதீனுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது.

"ஏட்டி! சொகமில்லாத பிள்ளைய வச்சு வெளாடுதியளா?"

பாய்ந்து போனார்.

"ஐயோ மாமா, அவள மிதிச்சிராதிய!" என்று கத்தினாள் ஹாலிதா.

தூக்கிய காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏன் இழுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஹாலிதா எழுந்தாள். "வெளாட்டு இல்ல மாமா. இவகூட ஒருத்தி இருக்காளாம். அவளுக்கு எடம் விட்டாத்தான் இவ வாயில சோறு வைக்கா. முன்னாடி எல்லாம் பட்டினியாவே கெடந்தா. எங்களுக்கும் பயந்தான். அதுக்காக இவளத் தனியா விட முடியுமா?"

"ஒங்க பரிதாபம் ஒண்ணும் வேண்டாம்! நான் வீட்டுல ராஜாத்தியா வச்சிருக்கேன். அங்கன எவனும் இவள வேடிக்கை பாக்க முடியாது. எந்திரி மக்கா, பைய எடு. இனிமே வீடுதான்."

முபஷ்ஷிரா எழுந்திருக்கவில்லை. காலி இடத்தின் பக்கம் தலையைச் சாய்த்தாள். யாரோ காதில் சொல்வதைப்போல வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ ஒண்ணு கேக்கா வாப்பா. வீட்டுக்கு ஆளு வந்தா, என் ரூமுக்குள்ள சோத்துத் தட்டத் தள்ளிவிட்டுட்டு வெளிய பூட்டுதது நீங்கதானான்னு."