பாயிண்ட் தேய்ந்த கதை

"என்னய்யா வெயிலுமுத்து, நேத்திக்கு ஆயுதபூஜை பண்ணி மாலை போட்ட வண்டி, இன்னிக்கு இருமக்கூட மாட்டேங்கறதே!"

பம்பாய் மாதுங்கா வீட்டு வாசலில் ஜகந்நாதன் பொரிந்து தள்ளினார். ஐந்து வருஷம் பதிந்துவைத்துக் காத்திருந்து வாங்கிய ஃபியட்.

தாராவியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருந்தான் மெக்கானிக் வெயிலுமுத்து. அவர் சட்டைப் பையில் அவனுக்கான சிபாரிசுக் கடிதம் இருந்தது. செம்பூரில் அவருடைய கம்பெனி வண்டிகளைப் பார்க்கும் வேலை, மாதச் சம்பளம். ரோட்டோரத் தார்ப்பாய்க்கு அடியில் எட்டு வருஷம் மழையோடு மல்லுக்கட்டியவனுக்கு அது பெரிய கனவு.

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தான். நாலும் சுத்தம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே சுற்றிலும் ஈரச் சந்தனம், மேலே குங்குமம்! அப்புறம் தீப்பொறி எப்படி வரும்?

நிமிர்ந்தான். கதவோரம் அவர் மனைவி ராஜலக்ஷ்மி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சாம்பாரில் உப்பு கூடினாலே தெருவுக்குக் கேட்கக் கத்துகிற மனுஷர் அவர். பாவம், பக்தியில் செய்ததற்கு இந்த அம்மா என்ன பாடு படப்போகிறாளோ! அவனுக்கு மனசு கேட்கவில்லை.

முதுகால் மறைத்துக்கொண்டு துணியால் துடைத்தான்.

"பாயிண்ட் தேஞ்சிட்டு சார். மாத்துனா ஓடிரும்."

தீப்பொறியை உண்டாக்கும் அந்தச் சின்னத் தகட்டை மாற்றினான். வண்டி உடனே கிளம்பியது. வண்டி உடனே கிளம்பியது.

"போன மாசந்தானேய்யா புதுசு போட்டே? அதுக்குள்ள தேயுமா? பழசைப் போட்டு ஏமாத்தியிருக்கே. உன்னைப் போய் சிபாரிசு பண்ண இருந்தேனே!"

கடிதத்தை நாலாகக் கிழித்தெறிந்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார் ஜகந்நாதன்.

வெயிலுமுத்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஸ்பானர்களைப் பொறுக்கிப் பையில் போட்டான்.

காபி டம்ளருடன் ராஜலக்ஷ்மி வெளியே வந்தாள்.

"ஏம்ப்பா, உள்ளே சந்தனம் இருந்துதே. அவர்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொன்னா உங்களையில்லா வைவாரும்மா."

"என்னையா?" அவள் விழித்தாள். "எனக்கு அந்த மூடியைத் திறக்கவே தெரியாதேப்பா! 'மோட்டாருக்கு உசிரே இங்கேதான்டீ இருக்கு'ன்னு, நான் வேண்டாம் வேண்டாங்கறச்சே, தன் கையாலே சந்தனம் அப்பினது அவர்தான்!"