மேலகரத்தில் இறங்கிய மீன்காரி

இதை எனக்கு முதலில் சொன்னது என் மகள் வள்ளித்தாய். அறுபத்தேழாம் வருஷம், ஆனி மாதம், கல்லூரியிலிருந்து வந்ததும் அடுப்படியில் நின்று அழுதுகொண்டே சொன்னாள்.

அன்றைக்கு அவளுக்குக் கெமிஸ்ட்ரி லேபில் அமீன் சோதனை. கொடுத்த மருந்தோடு குளோரோபார்மும் பொட்டாஷும் சேர்த்துச் சூடாக்கணுமாம். குடலைப் புரட்டுகிற நாற்றம் வந்தால், அது ஒருவகை அமீன். பிறகு ஆசிட் ஊற்றி நாற்றத்தை அடக்கிவிட்டுத்தான் கீழே கொட்டணும். இவள் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அப்படியே கொட்டியிருக்கிறாள். முந்தானையில் தெறித்துவிட்டது.

குற்றாலத்தில் பஸ் ஏறினால், முன் சீட்டில் அவள் பெரியப்பா காந்திமதிநாதன். தகப்பன் இல்லாத எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். இவள் படிப்பதே அவருக்குப் பிடிக்காது.

பஸ் நகர்ந்ததுமே ஆரம்பித்தது.

"செத்த எலிய மடியில கட்டிட்டு ஏறினது எவம்லே?" என்றார் ஒருத்தர். பஸ்ஸே சிரித்தது.

பெரியப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "ஏட்டி வள்ளி, உம் பக்கமிருந்துல்லா வருது! காலேஜுல என்னத்தட்டி படிக்கே? இந்த லெச்சணத்துக்கு நாளையோட நின்னுக்கோ!"

வள்ளி முந்தானையைச் சுருட்டி மடிக்குள் ஒளித்தாள்.

பக்கத்தில் இருந்தவள் தென்காசிச் சந்தையில் மீன் விற்கிற உலகம்மை. தேக்கிலை போட்டு மூடிய கூடையை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எங்கூடைதான் அண்ணாச்சி. நேத்து மீனு, கெட்டுப்போச்சு. பிள்ளைய ஏன் வையுதிய?"

"அதான பாத்தேன்! பஸ்ஸுல கொண்டுவாற சாமானா இது? ஏ கண்டக்டர், இறக்கிவிடும்யா!"

கண்டக்டர் விசில் ஊதினார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மேலகரத்தில் அவளை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது.

"நான் வாயே திறக்கலம்மா" என்று தேம்பினாள் வள்ளி.

"போனாப் போட்டும்ட்டி. அவளும் கெட்ட மீனத்தான வச்சிருந்தா?" என்றேன்.

"இல்லம்மா. இறங்கும்போது இலை விலகிச்சு. கூடை பூரா மங்குஸ்தான் பழம்."

இன்றைக்கு வள்ளி கெமிஸ்ட்ரி டீச்சர். விளக்கேற்றும்போது என் பிள்ளைகள் பேரோடு உலகம்மை பேரையும் சொல்லித்தான் கும்பிடுகிறேன்.

மீன்கூடையோடு யாராவது பஸ் ஏறினால், கொஞ்சம் இடம் கொடுங்கள்.