பெட்டி சொல்லட்டும்

“நேத்து நீ உள்ள இல்ல. நேத்து ஸ்கேன் ஒரு தடவைகூட பாதியில நிக்கல. இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?” மேனேஜர் தாளைத் தள்ளினார். ‘என் கவனக்குறைவே காரணம்’ என்று டைப் செய்து தயாராக வைத்திருந்தார்.

டெக்னீஷியன் பேனாவைத் தொடவே இல்லை. “கழுத்தை அறுத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன் சார். என் மெஷின் சுத்தம்.”

அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறையில் ஒன்று, டெக்னீஷியன் மேசையில் ஒன்று, ஸ்கேன் பிரிவுத் தலைவியான சீஃப் மேடம் அறையில் ஒன்று என மூன்று கணினிகள். படங்களைச் சேமிக்க மூன்றுக்கும் பொதுவாக ஒரே டிஸ்க் பெட்டி. ஒன்று கோளாறாகி ‘ரீசெட்’, அதாவது எல்லாம் முதலிலிருந்து, என்று பெட்டியிடம் கத்தினால் போதும், மற்றவையும் கையில் இருக்கும் வேலையைக் கீழே போட்டுவிடும்.

பத்து நாளாக இதே கூத்து. பாதியில் நின்றுபோன ஸ்கேனுக்காக நோயாளிகளைத் திரும்பத் திரும்பப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. போன வாரம் தன் கணினியைத் திறந்து தூசி தட்டிய பாவத்துக்குப் பழி டெக்னீஷியன் தலையில் விடிந்தது. நேற்று அவரை வாசலோடு திருப்பி அனுப்பி, அவர் கணினியையும் அணைத்துவிட்டார்கள்.

“எந்த மெஷின் கத்துச்சுன்னு பெட்டியே எழுதி வெச்சிருக்கும். திறந்து பாருங்க சார். என்னோடதுன்னா இப்பவே கெளம்புறேன். இல்லேன்னா, எல்லார் முன்னாடியும் நீங்க மன்னிப்பு கேக்கணும்.”

“திமிரப் பாத்தீங்களா மேடம்?”

நேற்று முழுக்கப் பல்வலி என்று கணினியை அணைத்து, அறையைப் பூட்டிவிட்டு வீட்டில் கிடந்த சீஃப் மேடம், வீங்கிய கன்னத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். மூன்று வருடத்தில் டெக்னீஷியனைப் பார்த்து ஒரு முறைகூடச் சிரிக்காதவர். பெட்டியைத் திறக்கும் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருந்தது. எழுந்து வந்து அதைத் தட்டினார்.

திரையில் வரிகள் வந்து விழுந்தன. ஒவ்வொரு ரீசெட்டுக்கும் நேராக ஒரே எண். ஏழு, ஏழு, ஏழு.

டெக்னீஷியன் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். கணினிகளுக்கு எண் கொடுத்தவர் மேடம். எது எந்த எண் என்று அவருக்கு மட்டுமே தெரியும். மேடம் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் தன் வேலைக்கு உலை. இருந்தும் டெக்னீஷியன் தலை குனியவில்லை.

“மாட்டிக்கிட்டான்!” மேனேஜர் மேசையில் ஓங்கித் தட்டினார். “ஏழு இவனோடதுதானே மேடம்?”

சீஃப் மேடம் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

“அது என் மெஷின் சார்.”