கல்பாசிக்குக் காவல்

மலர்வளையத்தைக் கடல் இரண்டு முறை கரைக்கே திருப்பித் தள்ளிவிட்டது. மூன்றாம் முறை ஒட்மார் தூண்டில் கோலால் அதை அலைக்கு அப்பால் தள்ளிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"நிம்மதியா இரு, ஹெட்டா" என்றார்.

பக்கத்தில் நின்ற மகள் சில்கேக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அம்மா கடலுக்குள் இறங்கிப் போனபோது அவளுக்கு ஆறு வயது. விடுமுறைக்கு வந்த இடத்தில், விடிகாலையில், கரையில் செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டுப் போனவள். போலீசும் மீன்பிடிக்க வந்தவர்களும் ஒரு வாரம் கடலைச் சலித்தார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

குடிலில் ஒரு குழந்தை தூங்குகிறதே என்று பெற்றவளுக்கு உறைக்கவே இல்லையா? அந்தக் கேள்வி சில்கேயை இன்றுவரை விடவில்லை. தன் உடம்பிலும் அதே ரத்தம்தானே என்று பயந்துதான் அவள் பிள்ளையே பெற்றுக்கொள்ளவில்லை.

"அப்பா, இந்த வருஷத்தோட நான் நிறுத்திக்கிறேன். என்னை நினைச்சே பாக்காதவளுக்கு நான் எதுக்குப் பூ போடணும்?"

"அவளுக்கு மனசு சரியில்லம்மா. பாவம், விட்டுடு."

"எப்பக் கேட்டாலும் இதையே சொல்லுங்க."

இருவரும் மணலில் ஏறி நடந்தார்கள். மூடுபனிக்குள் குடில்களும் அவற்றின் தண்ணீர்த் தொட்டிகளும் மங்கலாகத் தெரிந்தன. முதல் குடில்காரர் கூஸ் வாசலில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஒட்மார், உன் பாசியெல்லாம் சௌக்கியமா? ராத்திரி குளிருமே, போர்வை போத்திவிட்டியா?"

ஒட்மார் சிரிக்கவில்லை. "உன் மருமகன் போன வாரம் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினான். இன்னொரு தடவை பாத்தேன், சக்கரத்தைக் கழட்டிடுவேன்."

"கழட்டு, கழட்டு! பெட்ரோலாவது மிச்சமாகும்."

குடில்களுக்குப் பின்னால் பாதையைத் தாண்டினால் கல்பாசி வெளி. பனியைக் குடித்தே உயிர் வாழும் பாசி அது. ஒருமுறை மிதித்தால் போதும், மிதித்தவன் கிழவனாகிச் செத்த பிறகும் தடம் அப்படியே கிடக்கும். மழையே எட்டிப் பார்க்காத நமீப் பாலைவனத்தில் அதை எது அழிக்கப் போகிறது?

அந்த வெளிக்கு ஒட்மார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தார். மற்றவர்கள் டிசம்பரில் வந்து ஜனவரியில் மூட்டை கட்டிவிடுவார்கள். இவர் மட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஊர் வீட்டை விற்றுவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். அதிகாரிகளோடு மல்லுக்கட்டிக் கம்பிவேலி போட வைத்தவரும் அவர்தான். யாராவது வேலியைத் தொட்டால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். ஊரில் அவரைக் கூப்பிட்டு மேடையேற்றிப் பாராட்டக்கூடச் செய்தார்கள்.

சில்கேக்கு அதில் பெருமைதான். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர் எதையாவது காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டாமா என்று நினைத்துக்கொள்வாள்.

குடில் முகப்பில் மேசை போட்டு ரொட்டியும் புகையில் வாட்டிய மீனும் எடுத்து வைத்தாள். காபியை ஊற்றியபடியே மறுபடி கேட்டுப் பார்த்தாள்.

"எங்களோட விண்ட்ஹூக் வந்துடுங்கப்பா. இந்த வயசுல தனியா எதுக்கு?"

"நான் வந்துட்டா பாசியை யாரு பாத்துக்கிறது?"

அவள் புருஷன் கெர்சன் குடிலுக்குப் பின்புறமிருந்து வந்தான். அடுப்பு மூட்டுகிறேன் என்று காலையில் கடற்கரைக்கு வராமல் நின்றுகொண்டவன். கையில் இருந்த தொப்பியைத் தூசு போகத் தட்டினான்.

"கடல் காத்து இதைத் தூக்கிட்டுப் போயிடுச்சு சில்கே. வேலிக்கு அந்தப் பக்கம், ரொம்ப தூரம். எங்கப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது, விட மனசு வருமா?"

ஒட்மார் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"பாசி மேலயா போனே?"

"ஐயோ, கோவிச்சுக்காதீங்க மாமா. ஒரு இணுக்குகூட மிதிக்கல. ஏற்கெனவே மிதிபட்ட தடம் ஒண்ணு இருந்துச்சு. அதுலயே காலை வச்சுப் போயி அதுலயே திரும்பிட்டேன்."

"அங்க தடம் கிடம் எதுவும் கிடையாது!"

"இருக்கு மாமா, நானே பாத்தேன். ரொம்பப் பழசு. ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல நடந்து போயிருக்காங்க. ஒண்ணு பூட்ஸு, இன்னொண்ணு பொம்பளைச் செருப்பு. தூரத்துல ஒரு கல் மேடு இருக்குல்ல? அது வரைக்கும் போகுது."

சில்கேயின் கையிலிருந்த காபிக் குவளை பாதி வழியில் நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"போதும், உக்காருங்க மாப்பிள்ளை" என்றார் ஒட்மார். மாப்பிள்ளை என்று அவர் கெர்சனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குரல் கெஞ்சியது. "காபி ஆறுது."

அந்த மரியாதையில் குளிர்ந்துபோன கெர்சன் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ஆனா மாமா, திரும்பி வந்தது பூட்ஸு மட்டும்தான்."