ஐந்தாவது பந்தம்

ஆச்சியின் சாவு வீடியோ வந்து ஆறு நாளாயிற்று. அவள் திறக்கவே இல்லை.

இன்று திறந்தாள். துணி அடுக்கும் அறையின் கதவைச் சாத்திவிட்டு, போர்வைக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு. சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். யாரை வெறுப்பது என்று தெரிந்துகொள்ள அது போதும்.

ஆச்சி செத்தது திங்கட்கிழமை. எடுத்தது செவ்வாய். அவளுக்குச் சொன்னது வியாழன்.

நடுவில் புதன்கிழமை பரீட்சை. அயர்லாந்தில் இந்த முதியோர் இல்லத்து உதவியாள் வேலையிலிருந்து நர்ஸாக வேண்டுமென்றால் அதை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினாள். பாஸாகிவிட்டாளாம். கொண்டுபோய் உடைப்பில் போடட்டும்.

செவ்வாய்க்கிழமை அவளே ஊருக்குப் போன் செய்திருந்தாள். ஆச்சியிடம் கொடு என்றாள். இப்போதுதான் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறாள் என்றாள் அம்மா. பின்னால் ஒரே இரைச்சல். கேட்டதற்கு, எதிர்வீட்டில் விசேஷம் என்றாள்.

கஞ்சி குடித்தாளாம்!

இவள் இங்கே யார் யாருடைய பாட்டிகளுக்கோ வாய் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். அங்கே தன் ஆச்சி வாசலில் கிடக்கிறாள். பெற்ற தாயை அப்படிக் கிடத்தி வைத்துக்கொண்டு ஒருத்திக்கு இந்தப் பொய் எப்படி வாயில் வந்தது? நாக்குக் கூசவில்லையா?

அன்றிலிருந்து அம்மா வீடியோ காலில் வருவதும் இல்லை. குரல் மட்டும்தான். நெட் சரியில்லை என்கிறாள். மூஞ்சியைக் காட்ட முடியவில்லை, வேறென்ன.

அம்மாவிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. இனிமேல் எனக்கு ஆச்சியும் இல்லை, அம்மாவும் இல்லை. சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்.

தன்னுடைய பந்தத்தை எவன் பிடித்தான்?

பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வராமல் அந்த வீட்டில் யாரையும் எடுத்ததில்லை. தாத்தாவுக்குப் பிடித்தபோது அவள் ஏழாம் வகுப்பு. குச்சி நுனியில் துணி எரிய எரிய, நெய் உருகிக் கைக்கு இறங்கியது. தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த ஆச்சி எழுந்து வந்தாள். மூக்கைச் சிந்திவிட்டு, வாழையிலையைக் கிழித்துப் பேத்தியின் கைக்கும் குச்சிக்கும் நடுவே சுற்றினாள். சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள், வெற்றிலை மென்றபடி சொன்னாள்.

“எனக்கும் நீதாம்ட்டி முன்னால நிக்கணும். ஒம் மாமன் மவன் நின்னாம்னா நான் எந்திரிச்சு உள்ள போயிருவேன்.”

எங்கே இருந்தாலும் வந்துவிடுவேன் என்று இவள் சொல்லியிருந்தாள். விமானம் ஏறுகிற அன்றும் சொன்னாள்.

வீடியோவில் முன்னால் நிற்பவன் அதே மாமன் மகன். கார்த்தீசன். ஆறு வருடமாக ஆச்சியை எட்டிப் பார்க்காதவன். வேட்டி மட்டும் புதுசு.

அவன் பின்னால் அவன் தம்பி. அப்புறம் சித்தி பிள்ளைகள் இரண்டு பேர். நாலு பேர், நாலு பந்தம்.

பேரப்பிள்ளைகள் ஐந்து பேர் என்பது ஒருத்தருக்குமா நினைவில்லை? இவள் என்ன செத்தா போனாள்?

அப்போதுதான் ஐந்தாவது பந்தம் வந்தது.

பிடித்திருந்தது அம்மா.

மகள்கள் பந்தம் பிடிக்கும் வழக்கம் கிடையாது. மாமா ஓடி வந்து தடுக்கிறார். முறை தெரியாதா என்று சத்தம் போடுகிறார். பிடுங்கவும் பார்க்கிறார்.

“இது எம் மவளுக்குள்ளது. எவனும் தொடப்பிடாது.”

மாமா ஒதுங்கிக்கொண்டார்.

முதல் சுற்று. அம்மா பந்தத்தை நட்டுக்குத்தலாகப் பிடித்திருக்கிறாள். இலை சுற்றவில்லை. ஒருநாளும் பிடித்திராதவளுக்கு என்ன தெரியும்? சொல்லித் தருகிறவள் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள்.

சாய்த்துப் பிடி அம்மா, என்று இவள் போனைப் பார்த்துச் சொன்னாள்.

இரண்டாவது சுற்று. நெய் வழிந்து அம்மாவின் விரல்கள் பளபளக்கின்றன. சித்தி அந்தக் கையைக் காட்டி என்னவோ சொல்கிறாள். அம்மா கேட்கிற மாதிரி இல்லை. பாவி, கையையாவது மாற்றக் கூடாதா?

மூன்றாவது சுற்றிலும் மாற்றவில்லை.

பந்தத்தைக் கீழே வைத்ததும், இடுப்பில் செருகியிருந்த போனை அம்மா இடது கையால் எடுக்கிறாள். யாரோ கூப்பிடுகிறார்கள். யார் என்று பார்க்கிறாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடுகிறாள்.

யாரோ என்ன யாரோ. இவள்தான்.

வெளியே ஆச்சியைத் தூக்குகிறார்கள். தெருவே அலறுகிறது. சித்தி மண்ணில் விழுந்து புரள்கிறாள்.

அம்மா மட்டும் அங்கே இல்லை. உள்ளே நின்று, ஆச்சி கஞ்சி குடித்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வீடியோ முடிந்தது. இடைவேளையில் இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.

அவள் வீடியோவில் கூப்பிட்டாள். அம்மா துண்டித்துவிட்டுச் சாதாரணமாகக் கூப்பிட்டாள். இவள் அதைத் துண்டித்துவிட்டு மறுபடி வீடியோவில் கூப்பிட்டாள்.

மூன்றாம் முறை அம்மா எடுத்தாள். முகம் மட்டும் தெரிந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

ஆத்திரம் அப்படியேதான் இருந்தது. தயாராக வைத்திருந்த வாக்கியத்தைத்தான் காணவில்லை.

“வலது கையக் காட்டு,” என்றாள்.