ஒரே ஒரு பிளக்

இளவழகன் யுபிஎஸ் வாங்கப்போகிற செய்தி பூதலூரில் அந்தத் தெரு முழுக்கத் தெரியும். தெரியாமல் இருக்க அவன் விடவில்லை.

கடைக்குப் போனோமா, ஒரு பெட்டியைத் தூக்கினோமா என்று வருகிற ஆளா அவன்? வாரக்கணக்கில் வீடியோ பார்த்தான். வி.ஏ. வேறு, வாட் வேறு என்று, மனைவி பூவிழி குழம்பு தாளிக்கும் நேரமாகப் பார்த்து வகுப்பெடுத்தான். தஞ்சாவூர் கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவருக்கும் ஒரு வகுப்பு நடந்தது. பாவம், அவர் விற்க வந்தவர், படித்துவிட்டுப் போனார்.

காரணம் இல்லாமல் இல்லை. சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். "தடங்கல் இல்லாம வேலை பாக்க முடியும்னு காட்டுறவங்க ஊர்லயே இருக்கலாம். மத்தவங்க ஆபீசுக்கு வந்துடுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பூவிழிக்கு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. இவன் சென்னைக்குப் போனால் ஆளுக்கொரு ஊர்.

யுபிஎஸ் மாடி ஏறிய அன்றே கீழ்வீட்டு சைத்தூன் பீவி மேலே வந்தார். மகன் ஹம்தான் கத்தாரில். அந்தம்மா தனியாக இருக்கிறார்.

"தம்பி, கரண்டு போனாலும் இது ஓடுமாமே?"

"ஓடும்மா. கடையிலயே பெருசு இதுதான்."

"அப்ப இதுலேர்ந்து கீழ ஒரு வயரு குடுக்க முடியுமா? ஒரே ஒரு பிளக்கு. சின்னப் பொட்டிதான், வந்து..."

இளவழகன் முடிக்க விடவில்லை.

"அம்மா, இது இன்வெர்ட்டர் இல்ல. கம்ப்யூட்டருக்குன்னு கணக்குப் பண்ணி வாங்கினது. இதுல ஒருத்தர் மிக்ஸி போட்டு, ஒருத்தர் ஃபேன் போட்டா, லோடு தாங்காது. லோடுன்னா என்னன்னா..."

லோடு என்றால் என்னவென்று அவர் நின்றபடியே முழுக்கக் கேட்டார். "சரிங்க தம்பி" என்று இறங்கிப் போனார்.

"என்ன பொட்டின்னாவது கேட்டிருக்கலாம்ல?" என்றாள் பூவிழி.

"கேட்டா குடுக்க வேண்டியிருக்கும். இன்னைக்கு அவங்க, நாளைக்கு எதிர்வீடு. யுபிஎஸ் வாங்கினேனா, தண்ணிப் பந்தல் வெச்சேனா?"

சனிக்கிழமை பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை என்று அறிவிப்பு வந்தது. வேறு ஆளாக இருந்தால் கவலைப்படுவான். இளவழகன் மேனேஜருக்குப் போன் போட்டான்.

"சனிக்கிழமையே மீட்டிங் வெச்சுக்குங்க சார். எங்க ஊர்ல அன்னைக்குக் கரண்ட் கிடையாது. நீங்களே பாருங்க."

அவரும் பார்க்க உட்கார்ந்தார்.

கரண்ட் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீட்டிங். சட்டையை மாற்றிக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டான். யுபிஎஸ் ஒரு தடவை கூவிவிட்டு, சமர்த்தாகக் கரண்ட் கொடுத்தது. மானிட்டர் பளிச்சென்று எரிந்தது. எல்லாமே கச்சிதம். இன்டர்நெட் மட்டும் இல்லை.

வயரை ஆட்டினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். யுபிஎஸ்ஸை ஒரு தட்டுத் தட்டினான். போனிலிருந்து நெட் எடுக்கலாம் என்றால், கரண்ட் போனால் அந்தத் தெருவில் சிக்னலும் கூடவே போய்விடும்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றான்.

பூவிழி எட்டிப் பார்த்தாள். "வைஃபை யாருதுங்க?"

குடிவந்த புதிதில் ஹம்தான் தன் வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து அதில்தான் இவன் பிழைப்பே ஓடுகிறது. இத்தனை நாள் கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைந்துவிடும். அதனால் கீழே மோடம் அணைவது இவனுக்குத் தெரிந்ததே இல்லை. எந்த வீடியோவிலும் அதைச் சொல்லவுமில்லை.

எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினான். கீழே முற்றத்தில் சைத்தூன் பீவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சின்ன உதவி..."

"விடுங்க தம்பி வயர" என்றார். எதற்கு என்று கேட்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் நெட் வந்தது. மீட்டிங் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது.

"கரண்ட் இல்லாமயேவா இளவழகன்? கிளியரா இருக்கே. மோடத்துக்கும் சேத்து பேக்கப் போட்டிருக்கீங்களா? நெறைய பேர் அதத்தான் மறந்துடுவாங்க" என்றார் மேனேஜர்.

"எல்லாம் முன்கூட்டியே பிளான் பண்றதுதான் சார்" என்றான் இளவழகன். பக்கத்து அறையில் பூவிழிக்கு இருமல் வந்தது.

ஊரிலேயே இருக்கலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மீட்டிங் முடிந்ததும் பூவிழி அவனைக் கையோடு கீழே அழைத்துப் போனாள்.

"அன்னைக்கு நீங்க பிளக்கு கேட்டது இந்த மோடத்துக்குத்தானாம்மா?" என்று கேட்டான். பார்வை தரையில் இருந்தது.

"ஆமா தம்பி."

"சொல்லியிருக்கலாமே. நீங்க நெட்டு பாக்கணும்னு தெரிஞ்சா நான் என்ன, குடுக்க மாட்டேனா?"

சைத்தூன் பீவி முறத்தைக் கீழே வைத்தார். முந்தானையில் முடிந்திருந்த பட்டன் போனை எடுத்துக் காட்டினார்.

"இதுல எங்கேர்ந்து தம்பி நெட்டு பாக்குறது? ஹம்தான் கத்தாருக்குப் போனப்பவே இந்த நெட்டு கனெக்சன எடுத்துடச் சொல்லிட்டான். நீங்க பொண்டாட்டிய விட்டுட்டு ஊரு மாறிப் போயிடக் கூடாதேன்னுதான் மாசாமாசம் பணம் கட்டிக்கிட்டு வர்றேன்."