இந்தத் தீவுல ரோடு எங்க இருக்கு?

விஜயகுமாரி கட்ட வேண்டியது ஐந்நூறு ரூபாய். கட்ட மாட்டேன் என்று அந்தமானின் லாங் ஐலண்ட் தீவில், போட் வந்து நிற்கும் ஜெட்டியில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

சற்று முன்புதான் மேட்டு வீட்டிலிருந்து எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில், சோற்றுப் பானையைக் காலடியில் வைத்துக்கொண்டு, "ஓரம், ஓரம்" என்று வாயாலேயே கத்தியபடி சரிவில் இறங்கி வந்தாள். சரிவு முடிகிற இடத்தில் ஏட்டு தம்பையா நின்றிருந்தார். வண்டி அவர் முன்னால் வந்து நின்றது.

தம்பையா போர்ட் பிளேரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலில் லைசென்ஸ் கேட்டார். இது மெதுவாகப் போகிற வகை, இதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது என்றாள். அது சரிதான் என்று ஒப்புக்கொண்டவர், நடைபாதையில் ஓட்டினால் எந்த வண்டிக்கும் அபராதம் உண்டு என்று சலான் புத்தகத்தை எடுத்தார்.

"வண்டின்னா ரோட்டுல ஓட்டணும்மா."

"இந்தத் தீவுல ரோடு எங்க இருக்கு? காட்டுங்க, அதுல ஓட்டுறேன்."

தம்பையா இரண்டு பக்கமும் பார்த்தார். ஒற்றைச் சிமெண்ட் பாதை மேட்டுக்கு ஏறிப் போனது. அதைத் தவிர ஒன்றுமில்லை.

"அதெல்லாம் நஹி சலேகா, இங்க செல்லாது. கட்டலன்னா வண்டியத் தூக்கிருவேன்."

தூக்கினால் வண்டி போர்ட் பிளேர் போய்விடும், அங்கே வந்து பணம் கட்டித்தான் மீட்க வேண்டும் என்று பொறுமையாகவே சொன்னார். ஜெட்டி வேலைக்காரர்களுக்கு மதியச் சோறு விற்றுத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. வண்டி போனால் பானை தலைக்கு ஏறிவிடும் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"ஏறட்டும். கட்ட மாட்டேன்."

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர்கூட அவளுக்காகப் பரிந்து பேசவில்லை. போட்டில் வேலை செய்யும் டேவிட் தினமும் அவளிடம் சாப்பிடுகிறவன். அவனே முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பாத்தியா, உன் ஊர்க்காரங்களே வாயத் தொறக்கல."

"அவங்க எதுக்குத் தொறக்கணும்? தைரியம் இருந்தா தூக்குங்க. ஆனா தூக்குன இடத்துலயே கொண்டாந்து வைக்கணும்."

இத்தனை பேர் முன்னால் தைரியம் என்ற சொல் தம்பையாவைச் சுட்டது. "நீ காசக் கட்டு. நானே கொண்டாந்து எறக்குறேன்" என்றார்.

வண்டியைப் போட்டில் ஏற்றச் சொன்னார். டேவிட் தலையைச் சொறிந்தான். வண்டி ஏற்ற மேலாபீஸ் அனுமதி வேண்டும், கூலியும் ஆயிரக்கணக்கில் ஆகும், இங்கேயே வண்டியோடு வந்த ஒருத்தரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்றான்.

"இது சர்க்காரி கேஸ்டா. கூலி கீலி கெடயாது. ஏத்து."

சொன்னதுதான் தாமதம், நாலு பேர் ஓடிவந்து கைகொடுத்தார்கள். யாரும் கேட்காமலே கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள்.

மறுவாரம் விஜயகுமாரி போர்ட் பிளேர் வந்து, பிடித்த வண்டிகளை நிறுத்தி வைத்திருந்த இடத்துக்குப் போனாள். ஐந்நூறு ரூபாயை எண்ணிக் கட்டி ரசீது வாங்கினாள். வேறொரு வேலையாக அங்கே வந்திருந்த தம்பையாவுக்கு ஆச்சரியம்.

"அன்னைக்கே கட்டியிருந்தா இந்த அலைச்சல் உண்டா?"

அவள் தரையைப் பார்த்தாள். அவருக்கே பாவமாகப் போயிற்று. சொன்ன சொல் சொன்னதுதான், நாளை மறுநாள் போட்டில் தானே ஏற்றி ஊரில் இறக்குவதாகச் சொல்லிச் சாவியை நீட்டினார். அதுவரை ஆசை தீர ஓட்டிக்கொள்ளலாம், இங்கே ரோடு உண்டு என்று சிரித்தார்.

விஜயகுமாரி சாவியை இடுப்பில் செருகினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டே எதிர்வரிசையில் இருந்த ஸ்கூட்டர் ரிப்பேர் கடைப் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, இவ்வளவு பெரிய ரோடு இருக்கு. ஓட்டிக்கிட்டுப் போயேன்."

"மோட்டார் மழைக்கு முன்னாடியே செத்துப்போச்சு சார்."